பதில் வராத வேளை

திருகோணமலைத் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கியது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி. அதற்கு ஐந்து நாள் முன்னர், கொக்கலையிலிருந்து பறந்த கற்றலீனா விமானமொன்று எதிரியின் கப்பற்படையை நடுக்கடலிற் கண்டுவிட்டது. அதன் தலைவர் கனடிய வீரர் லெனாட் பேர்ச்சல். செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை அனுப்புகையில் வானொலிக் கருவி குண்டுபட்டுச் சிதறியது. ஆயினும் எச்சரிக்கை கரையை எட்டிவிட்டது.

இந்த விதி இன்று கணினிகளுக்கும் வேண்டியதாயிற்று. வங்கியிலும் வைத்தியசாலையிலும் நாம் காணும் கணினிகளிற் பல, தம் ஏடுகளைத் தம்மிடம் வைத்திருப்பதில்லை. தொலைவிலுள்ள சேமிப்பகத்தில் எழுதி வைக்கின்றன. இடையில் நின்று ஏவலைக் கொண்டுசெல்லும் மென்பொருளுக்கு 'டிரைவர்' என்று பெயர். இணைப்பு அறுந்தால் அது என் செய்யும்?

துறைமுக எழுதுவினைஞர் ஒருவர், "50 மூட்டை மா அனுப்புக" என்று சீனக்குடாப் பண்டகசாலைக்குத் தொலைபேசியிற் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் வருமுன் தொடர்பு அறுகிறது. கட்டளையே போய்ச் சேரவில்லையா? அல்லது சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? மீண்டும் சொன்னால் 100 மூட்டை வந்திறங்கலாம். சொல்லாவிடில் ஒன்றும் வராதிருக்கலாம். பரிகாரம் எளிது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் இலக்கம் இடுவதே அது. அதே இலக்கம் மறுபடி வந்தால், பண்டகசாலையார் மூட்டையைத் தொடாது பழைய பதிலையே திருப்பிச் சொல்வார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் உருவாக்கிய என்.எப்.எஸ். முறையிலும் பிற்பாடு இத்தகைய ஏற்பாடு சேர்ந்தது.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? விடாப்பிடியாகக் காத்திருந்தால் வேலை நின்றுபோகும். அவசரப்பட்டுக் கைவிட்டால் அரைகுறை எழுத்து எஞ்சும். லினக்ஸின் ஐஸ்கசி டிரைவர், வேறு கட்டளை இல்லாதவிடத்து 120 வினாடி பொறுக்கும். மாற்றுப் பாதை உண்டெனில் இத்தனை பொறுமை வேண்டாம். சில வினாடிகளில் மாறிவிடலாம்.

மாற்றிடம் முன்னரே ஆயத்தமாயிருத்தல் அவசியம். கொழும்புக்கும் திருகோணமலைக்கும் ஆபத்து வருமென அஞ்சிய பிரித்தானியர், மாலைதீவின் அட்டு தீவுகளில் இரகசியத் தளம் அமைத்திருந்தமையாலன்றோ அவர்தம் கப்பல்களுக்கு 1942இல் ஒதுங்க இடம் கிடைத்தது!

இன்னுமோர் ஆபத்து உண்டு. புதிய பொறுப்பாளர் கணக்கேட்டைத் திறந்த பின், மாண்டதாகக் கருதிய பழையவர் திரும்பி வந்து தாமும் எழுதினால் ஏடு பாழாகும். ஆகவே மாறுமுன் பழையவரின் சாவியை வாங்கிவிடல் வேண்டும்.

இவையனைத்தும் இருந்தாலும் ஒன்று மறக்கலாகாது. மாற்றிடம் வேறு, காப்புப் பிரதி வேறு. 2023 ஆகஸ்டில் கப்பம் கோரும் தீநிரலொன்று இலங்கை அரசின் மேகச் சேமிப்பைத் தாக்கியபோது, இணைப்பிலிருந்த பிரதியும் கூடவே பூட்டுண்டது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை.

ஆதலின், வாசகர்களே, உங்கள் குடும்பப் படங்களுக்கும் பத்திரங்களுக்கும் ஒரு பிரதியை எந்தக் கம்பியிலும் பூட்டாமல் அலுமாரியில் வையுங்கள். அறுவதற்கு இணைப்பே இல்லாத அப்பிரதிதான் ஆபத்தில் கைகொடுக்கும்.