கடைக் காபி பக்தர்களே, முழுசாப் படிச்சுட்டு அப்புறம் கோபப்படுங்க

1/ திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் ரெண்டு விஷயத்தைப் பத்தி யாரும் குறை சொல்லிடக் கூடாது. ஒன்று, ரங்கநாதர். இன்னொன்று, அவங்கவங்க வழக்கமாப் போற காபிக் கடை. முதல் விஷயத்துக்கு நான் வரலை. ரெண்டாவதைப் பத்தி இன்னைக்குக் கொஞ்சம் சண்டை போடப் போறேன். நீளமான இழை. ஒரு காபி போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. கடையில வாங்கிட்டு வரக் கூடாது. வீட்டுல வேற யாரையும் போடச் சொல்லவும் கூடாது. ஏன்னு போகப் போகப் புரியும்.

2/ முதல்லயே சொல்லிடறேன், காபி கெட்டதுன்னு சொல்ல வரலை. ஆரோக்கியமான பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பயமில்லைன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. ஐதராபாத்தில் இருக்கும் நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி 300-க்குள்ள நிறுத்திக்கச் சொல்லுது. 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் இருக்கும். ஆக ரெண்டு, மூணு காபி தாராளமாக் குடிக்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் 200-ஐத் தாண்ட வேண்டாம்.

3/ அப்புறம் என்னய்யா பிரச்சினைன்னு கேட்பீங்க. காபிப் பொடியில பிரச்சினை இல்லை. உங்க டம்ளர்ல சர்க்கரை யார் கையால விழுது என்பதுதான் பிரச்சினை. இந்த இழை முழுக்க அந்த ஒரு கேள்விதான்.

4/ தினமும் கேட்கிற பதில் இது: “ஆத்துல சர்க்கரை இல்லாத காபிதான் டாக்டர், மாமியையே கேளுங்கோ.” மாமியும் தலையாட்டுவாங்க. ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். ஆனா மாமிக்குத் தெரியாத காபிகள் வேற இருக்கு. விடியற்காலை அம்மா மண்டபத்தில் குளிச்சுட்டு ஒன்று. கோயில்லேர்ந்து வெளியே வந்து சித்திரை வீதியில ஒன்று. சாயங்காலம் நண்பர்களோட நின்னுக்கிட்டே ஒன்று. திருச்சி டவுன்ல இருக்கிறவருக்கு இதே கணக்கு சத்திரம் பேருந்து நிலையத்துலயும் தில்லைநகர்லயும் நடக்குது. இடம்தான் வேற.

5/ கணக்குப் போடுவோம். ஒரு ஸ்பூன் சர்க்கரை 4 முதல் 5 கிராம். கடைக் காபியில ரெண்டு ஸ்பூன்னு வையுங்க. மூணு காபிக்கு 24 முதல் 30 கிராம். சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த உணவுச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும், 5 சதவீதத்துக்குக் கீழ இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது. 5 சதவீதம்னா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 25 கிராம். அது சர்க்கரை நோய் இல்லாதவங்களுக்குச் சொன்னது. நம்மாளு அதை நின்னுக்கிட்டே குடிச்சு முடிச்சுடறார்.

6/ “நான் சர்க்கரை கம்மின்னுதானே சொல்றேன்” என்பார் அடுத்தவர். அண்ணே, கம்மின்னா எவ்வளவு? அதை முடிவு பண்றது மாஸ்டர். அவருக்கு முன்னால இருபது பேர் டோக்கனோட நிக்கிறாங்க. உங்க சர்க்கரை அளவு அவருக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வேலை காபியை ருசியாப் போடறது. உங்க கணையத்தைப் பார்த்துக்கிறது உங்க வேலை.

7/ இதுல இருக்கிற ஆபத்து பல பேருக்குத் தெரியாது. மூணு மாசச் சராசரி சர்க்கரை ஏறியிருக்கு. “வீட்டுல கட்டுப்பாடாத்தான் இருக்கேன்” என்கிறீங்க. டாக்டர் என்ன பண்ணுவார்? மாத்திரை போதலைன்னு நினைச்சு டோஸை ஏத்துவார். அதாவது, கடைச் சர்க்கரைக்கும் சேர்த்து உங்களுக்கு மாத்திரை எழுதப்படுது. ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் அடைமழை, கடைக்குப் போக முடியலை. மாத்திரை மட்டும் அதே டோஸ்ல உள்ளே போகுது.

8/ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவருக்கு அன்னைக்குச் சர்க்கரை சடார்னு இறங்கலாம். வியர்வை, நடுக்கம், பேச்சுக் குழறல், மயக்கம். வயசானவர் பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சா அதுக்கப்புறம் அவர் வாழ்க்கையே வேற. அதனால டாக்டர்கிட்ட கடைக் காபியையும் சேர்த்துக் கணக்குச் சொல்லுங்க. இந்த இழையைப் படிச்சுட்டு நாளையிலேர்ந்து கடைச் சர்க்கரையை நிறுத்தினாலும் சொல்லுங்க, டோஸைக் குறைக்க வேண்டி வரலாம். நீங்களா மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

9/ இதுக்குத் தம்பி இன்னொருத்தர். வெறும் வயித்து ரத்தப் பரிசோதனைக்கு வந்து, “ஒண்ணும் சாப்பிடலை டாக்டர், காபி மட்டும்தான்” என்பார். பாலும் சர்க்கரையும் போட்ட காபி உணவுதான். ஏகாதசி விரதத்துல காபியை நீங்க கணக்குல சேர்க்கிறதில்லை, அது உங்களுக்கும் பெருமாளுக்கும் உள்ள ஏற்பாடு. லேப் மெஷினோட அந்த ஏற்பாடு கிடையாது.

10/ “நாங்க கருப்பட்டிக் காபிக்கு மாறிட்டோம், நாட்டுச் சர்க்கரைதான்.” நல்லது, ருசிக்காகக் குடிங்க. ஆனா அதுல பெரும்பகுதி சர்க்கரைதான். பனங்கற்கண்டும் அப்படியே. போர்டுல ‘பாரம்பரியம்’னு எழுதிட்டா ரத்தத்துல ஏறாம நின்னுடாது. ஐசிஎம்ஆர் 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கு. ஏழு பேரில் ஒருத்தர். உங்க காபி கோஷ்டியில எத்தனை பேர்னு எண்ணிப் பாருங்க.

11/ இப்ப பக்தர்களின் முக்கிய வாதம்: “என்ன சொன்னாலும் அந்த ருசி வீட்டுல வராது.” ஏன் வராது? கடையில பொடி வேகமாச் செலவாகும், அதனால புதுசா இருக்கும். டிகாக்‌ஷன் அடிக்கடி இறங்கும். பால் கெட்டியா இருக்கும், சர்க்கரை தூக்கலா இருக்கும். வீட்டுல? மாசத்துக்கு ஒரு தடவை வாங்கின பொடி, தினம் திறந்து மூடற டப்பா, காலையில போட்ட டிகாக்‌ஷன், ஆவின் நீலப் பாக்கெட்டை மூணு தடவை சுட வெச்ச பால். நீலப் பாக்கெட்ல கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சுல 6. இவ்வளவுதான் ரகசியம். சர்க்கரையைத் தவிர மத்த எல்லாத்தையும் வீட்டுல சரி பண்ணலாம்.

12/ “கடைக் காபிதான் ஸ்ட்ராங்.” நிறம் கறுப்பா இருந்தா ஸ்ட்ராங்னு அர்த்தமில்லை. சிக்கரி ஒரு செடியின் வேர். வறுத்து அரைச்சா நிறமும் கெட்டித்தன்மையும் கசப்பும் கொடுக்கும். அதுல காஃபின் கிடையாது, விலையும் குறைவு. காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ரெண்டும் எவ்வளவுன்னு பாக்கெட்ல அச்சிடணும். இது சட்டம். வீட்டுக்கு வாங்கும்போது 80-20ஆ, 60-40ஆன்னு படிச்சுப் பார்த்து வாங்கலாம். டம்ளர்ல எந்த லேபிளும் இல்லை.

13/ திருச்சி - சென்னை சாலையில எங்க பார்த்தாலும் ‘கும்பகோணம் டிகிரி காபி’ போர்டு. பித்தளை டபரா பளபளன்னு இருக்கு. பித்தளையா எவர்சில்வரான்னு பார்க்கிற நாம, உள்ளே என்ன கலவை, எவ்வளவு சர்க்கரைன்னு கேட்கிறதே இல்லை. நமக்குப் பாத்திரத்து மேலதான் பக்தி.

14/ அப்புறம் சூடு. “நாக்கு சுடணும், அதுதான் காபி” என்கிற கட்சி நம்ம ஊர்ல பெரிசு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-ல் காபியால புற்றுநோய் வருதுன்னு சொல்லப் போதிய ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு. ஆனா 65 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடா எதைக் குடிச்சாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக வாய்ப்புண்டுன்னு வகைப்படுத்தினது. டபராவில் ஊத்தி ஆத்திக் குடிக்கச் சொன்ன நம்ம பழக்கம் எவ்வளவு நல்லது பாருங்க. பேப்பர் கப்பில் ஆத்த முடியாது.

15/ பேப்பர் கப்னு சொல்றோமே தவிர உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு. சூடான தண்ணீர் 100 மில்லியை அதுல 15 நிமிஷம் வெச்சா சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள் கலக்குதுன்னு காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த பொருட்களில் இந்தக் கப்பும் உண்டு. டம்ளர்ல கேளுங்க. பார்சல்னா வீட்டுலேர்ந்து பாத்திரம் கொண்டு போங்க.

16/ இளைஞர்கள் “இது தாத்தாக்கள் பிரச்சினை”ன்னு நகர வேண்டாம். தில்லைநகர் ஏசி கஃபேயில உயரமான கண்ணாடி டம்ளர்ல ஐஸ்கிரீமும் சாக்லேட் சிரப்பும் சேர்த்து வர்ற கோல்டு காபி இருக்கே, அது காபி வாசனை போட்ட மில்க்‌ஷேக். தாத்தா மூணு தடவையில குடிக்கிற சர்க்கரையை நீங்க ஒரே ஸ்ட்ராவில உறிஞ்சிடலாம்.

17/ இதுவரைக்கும் படிச்சுட்டு “அதான் நான் சொல்றேன், ஆத்துக் காபிக்கு ஈடே இல்லை”ன்னு மீசையை முறுக்கற எதிர்க்கட்சிக்கு வர்றேன். சார், அந்தக் காபியைப் போடறது யாரு? விடியற்காலை நாலரைக்கு எழுந்து பில்டர்ல பொடி போட்டு, பால் காய்ச்சி, உங்களுக்கு முதல் டிகாக்‌ஷன்ல கொடுத்துட்டு, மிச்சம் இருக்கிற ரெண்டாம் டிகாக்‌ஷனை எட்டு மணிக்கு இட்லியோட குடிக்கிறாங்களே, அவங்க. உங்களுக்கு அது ஆத்துக் காபி, அவங்களுக்கு அது வேலை.

18/ ஒரு காலத்தில் காபி கிளப் போர்டுகளில் ‘பிராமணாள்’னு எழுதியிருந்தது. அந்தச் சொல்லை எதிர்த்து 1957-ல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டல் முன்னால் பெரியார் போராட்டமே நடத்தினார். இன்னைக்கு யார் வேணாலும் யார் பக்கத்துலயும் நின்னு குடிக்கலாம், அது கடைக் காபி கொடுத்த நன்மை. ஆனா காலை அஞ்சரை மணிக்கு அந்தக் கடை வாசல்ல நின்னு, பேப்பர் படிச்சுக்கிட்டு, தனக்காக ஒரு காபி வாங்கிக் குடிக்கிற பெண்கள் எத்தனை பேர்? அந்த நேரத்துல அவங்க வீட்டுல அடுப்புக்கு முன்னால நிக்கிறாங்க.

19/ அவங்க குடிக்கிற நேரம்தான் எனக்குக் கவலை. காபியில இருக்கிற பாலிஃபீனால்கள் உணவுல உள்ள இரும்புச் சத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், உடம்புல சேர விடாது. அதனாலதான் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம்னு 2024 வழிகாட்டி சொல்லுது. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல. இதுக்குக் காபி மட்டும் காரணமில்லை. ஆனா இரும்பு மாத்திரையைக் காபியோட விழுங்கிட்டு “ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது டாக்டர்”னு வந்தா நான் என்ன செய்ய?

20/ தைராய்டு மாத்திரையும் அப்படித்தான். வெறும் வயித்துல தண்ணியோட போட்டு, அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி. காலையில எழுந்ததும் அடுப்படிக்கு ஓடறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து கிடைக்கும்? வேற யாராவது காபி போட்டாத்தான் கிடைக்கும்.

21/ அதனால என் தீர்வு ரொம்ப எளிமை. ஆண்களே, வீட்டுல பில்டர் இனி உங்க பொறுப்பு. ரெண்டு பேருக்கு: பில்டரின் மேல் பாத்திரத்துல மூணு ஸ்பூன் பொடி குவிச்சுப் போடுங்க. குடை மாதிரி இருக்கிற தட்டை வெச்சு லேசா அமுக்குங்க, ரொம்ப அமுக்கினா இறங்காது. கொதிச்சு அடங்கின தண்ணியைச் சுத்தி ஊத்தி மூடுங்க. இருபது நிமிஷம் தொடாதீங்க. பாலை ஒரே ஒரு தடவை காய்ச்சுங்க. டிகாக்‌ஷனைத் திரும்பக் கொதிக்க விடாதீங்க. பொடியை நூறு, இருநூறு கிராமா அப்பப்ப அரைச்சு வாங்கி, காத்துப் புகாத டப்பாவில வையுங்க.

22/ சர்க்கரையை முதல் வாரம் பாதியாக் குறைங்க. அடுத்த வாரம் அதுலயும் பாதி. ஒரு மாசத்துல நாக்கு பழகிடும். உங்க கையில ஸ்பூன் இருக்கும்போது ‘கம்மி’ என்றால் எவ்வளவுன்னு உங்களுக்குக் கண்ணுல தெரியும். பத்து ரத்தப் பரிசோதனை கத்துக்கொடுக்காததை அந்த ஸ்பூன் கத்துக்கொடுக்கும்.

23/ “அப்ப நண்பர்களைப் பார்க்க வேண்டாமா?” கண்டிப்பாப் பாருங்க. ரிட்டயர்டு ஆனவருக்குக் கடை வாசல் அரட்டை மருந்து மாதிரி. அதை நிறுத்தச் சொல்ற டாக்டர் நான் இல்லை. போங்க, பேசுங்க, ஒரு காபி குடிங்க. ஆர்டர் பண்ணும்போது ‘கம்மி’ என்ற சொல்லை மறந்துட்டு, “சர்க்கரை இல்லாம”ன்னு சத்தமாச் சொல்லுங்க. திருவானைக்காவல் பார்த்தசாரதி விலாஸ்ல நெய் ரோஸ்ட்டுக்கு அப்புறம் ஒரு காபியா? எப்போதாவது ஒரு நாள், ரசிச்சுக் குடிங்க. தினம் மூணு வேளை பூஜைதான் வேண்டாம்.

24/ இன்னொரு வேண்டுகோள். அடுத்த தடவை கடைக்குக் கிளம்பும்போது வீட்டுல இருக்கிறவங்களையும் கூட்டிட்டுப் போங்க. அவங்களும் உட்கார்ந்து, வேற யாரோ போட்ட காபியைச் சூடா ஒரு தடவை குடிக்கட்டும்.

25/ இழை முடிஞ்சது. அம்மாக்களே, மாமிகளே, இதை வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுங்க. நாளைக்குக் காலையில அடுப்படிக்குள்ள அவசரப்பட்டுப் போகாதீங்க, கொஞ்ச நேரம் படுத்தே இருங்க. பில்டர் எங்க இருக்குன்னு அவங்க தேடிக் கண்டுபிடிக்கட்டும். சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, பதில் சொல்றேன்.