பாரமேற்றிய பிக்கப் வண்டியின் ஆட்டம்

நெல்லாயினும், வாழைத்தாராயினும், உர மூட்டையாயினும் இக்காலத்தில் பெரும்பாலும் பிக்கப் வண்டியிலேயே செல்கின்றது. பாரமேற்றிய வண்டி வளைவுகளில் ஒருபுறமாய்ச் சாய்ந்து ஆடுகின்றதென்று முறையிடும் குடியானவர்கள் அநேகர். பட்டறைக்குச் சென்று பின்புற ஸ்பிரிங்கில் மேலும் ஒரு பட்டையைச் சேர்ப்பதே பரிகாரமென அவர்கள் எண்ணுகின்றனர். இது கடைசியில் செய்யத்தக்கதை முதலில் செய்வதாகுமென்பது எமது அபிப்பிராயம்.

ஆட்டத்திற்குக் காரணம் பாரத்தின் அளவு மாத்திரமன்று. அதன் உயரமும் இருப்பிடமுமாம். 40 கிலோ நெல்மூட்டை முப்பதை ஏற்றினால் 1,200 கிலோவாகும். அதனைத் தட்டு முழுவதும் தாழப் பரப்பி அடுக்கினால் ஒருவிதம். கோபுரமாய்க் குவித்தால் வேறுவிதம். வளைவில் வண்டியை வெளிப்புறம் தள்ளும் விசை வேகத்தின் வர்க்கத்தையொட்டிப் பெருகுவது. மணிக்கு 30 கிலோமீட்டரில் உள்ள விசை, அதே வளைவில் 60 கிலோமீட்டரில் நான்கு மடங்காகும். உயரக் குவித்த பாரம் அவ்விசைக்கு நெம்புகோலாய் உதவுகின்றது.

முன்பாரம், பின்பாரம் என்பவற்றை மாட்டுவண்டி ஓட்டியோர் நன்கறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பும்; பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும்; மாடு நடக்க மறுத்து அதனைத் தெரிவித்துவிடும். பிக்கப் வண்டிக்கு அவ்வித வாயில்லை. பின் அச்சுக்கு அப்பால் கனம் மிகுந்தால் முன்சக்கரங்கள் இலேசாகி ஸ்டியரிங் பிடிமானம் இழக்கும். ஓட்டுபவர் அதனை வளைவிலேதான் உணர்வார். ஆகவே கனத்தவை அடியிலும், பின் அச்சுக்கு முன்னாலும், இருபுறமும் சமமாகவும் அமைய வேண்டும்; கயிற்றால் அசையாமல் இறுக்கவும் வேண்டும்.

தென்னங்கன்றுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோவோர் விசேஷமாய்க் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1,000 லிட்டர் தொட்டியைப் பாதி நிரப்பினால் பாரம் குறைந்ததென்று தோன்றும். உண்மையில் 500 கிலோ தண்ணீர் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருபுறமாய்ப் பாய்ந்து மோதும். வண்டி தாங்குமாயின் முழுதும் நிரப்புக. இன்றேல் சிறு தொட்டிகளை நிரப்பி ஏற்றுக.

இவ்வளவும் செய்தபின் ஆட்டம் நிற்கவில்லையாயின் பட்டறைக்குச் செல்லலாம். டயர்க் காற்று கைப்புத்தகத்தில் கண்டபடி உள்ளதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிகின்றதா, புஷ்கள் தேய்ந்தனவா, யு-போல்ட்டுகள் தளர்ந்தனவா என்று பார்க்கவேண்டும். சாய்வைக் குறைப்பதற்கென்றே அமைந்தது ஸ்டெபிலைசர் கம்பி. அதன் இணைப்புகள் முறிந்தும் கவனியாது ஓட்டுவோர் உளர். பின்புறத்தை மட்டும் மிகக் கடினமாக்கினால் வளைவில் பின்சக்கரங்கள் முதலில் வழுக்க ஏதுவாகும். மேலும் பட்டை சேர்ப்பதால் பிரேக்கோ அச்சோ வலுப்பெறுவதில்லை. பதிவுச் சான்றிலுள்ள எடையும் உயர்வதில்லை. மிகைப்பாரத்திற்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதமாகும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வாய்க்கால் கரைச் சாலைகளில் தாரின் ஓரம் அரித்துப் பள்ளமாயிருப்பின், எதிர்வண்டிக்கு ஒதுங்கும் பிக்கப் வண்டி ஒரு சக்கரம் இறங்கியதும் சாய்கின்றது. அறுவடைக்கு முன்னரே அவ்விடங்களில் கிராவல் இட்டு நிரப்ப ஏற்பாடு செய்தல் வேண்டும். மூட்டைகளின் மேல் கூலியாட்களை அமர்த்தி அனுப்பும் வழக்கத்தையும் அவர்கள் தடுக்கவேண்டும். 60 கிலோ எடையுள்ள ஐவர் அமர்ந்தால் பாரத்தின் உச்சியில் 300 கிலோ கூடுகின்றது. வண்டி கவிழ்ந்தால் மூட்டைகளுக்கு அடியில் அகப்படுவோரும் அவர்களே. அவர்களை வேறு வண்டியில் அனுப்பும் செலவு நிலச் சொந்தக்காரரைச் சார்ந்ததேயாம்.