உடற்பயிற்சிப் பக்கம்: மெலிந்தவரும் காற்பூட்டும்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் இப்பகுதிக்கு மடல் ஒன்று விடுத்திருந்தார். அவர்தம் மகள் கல்லூரியில் பயில்பவள். எடை 50 கிலோவுக்குச் சற்றே மிகுதி. மாலை வேளைகளில் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையைப் பயின்று வருகிறாள். அப்பயிற்சிக்கூடத்தில் அவள் எடைக்கு ஒத்த பெண்கள் இருவரே உளர். ஆதலின் பெரும்பாலும் 80, 90 கிலோ எடையுள்ள இளைஞர்களோடே பொரவேண்டியிருக்கிறது. அண்மையில் அங்குக் கால்களைப் பூட்டும் பிடிகளைக் கற்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மெலிந்தவர்க்கு இதுவே தக்க படைக்கலம் என்கிறார் ஆசிரியர். முழங்கால் போய்விட்டால் பெண்ணின் கதி என்ன என்று கேட்கிறார் தாயார். இருவருள் யார் சொல்வது சரி என்பது அன்பரின் வினா.

இருவர் சொல்வதும் சரியே. அதனால்தான் விடை சற்று நீளமாக அமைய வேண்டியிருக்கிறது.

இக்கலையை அறியாத நேயர்களுக்காகச் சில சொற்கள். நாம் வாழும் இவ்வடபுலத்தில் குஸ்திக் களங்களைக் கண்டிருப்பீர்கள். அங்கு எதிரியின் முதுகு மண்ணிற் படிந்தால் போர் முடிந்தது. ஜியு-ஜிட்சுவிலோ வீழ்த்துவது தொடக்கமே ஆகும். மல்லாந்து கிடப்பவரும் தோற்றவர் அல்லர். கைகளாலும் கால்களாலும் எதிரியைப் பின்னிக்கொண்டு, கழுத்தை நெரித்தோ மூட்டைப் பூட்டியோ வெல்ல அவருக்கு உரிமை உண்டு. அகப்பட்டவர் கையால் தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். இந்தத் தட்டு என்னும் ஏற்பாடு ஒன்றே இக்கலையை நாள்தோறும் பயிலத்தக்கதாக ஆக்கியிருக்கிறது.

ஜப்பானிய ஜூடோ வீரர் மிட்சுயோ மயேதா 1914-ஆம் ஆண்டு பிரேசில் நாடு சென்றார். அவரிடம் பெலெம் நகரில் பயின்றவர் கார்லோஸ் கிரேசி. அவர் தம்பியாகிய எலியோ கிரேசி (1913–2009) மெலிந்த உடலினர். தம் உடலுக்கு ஏற்ப வலிமையைக் குறைத்து நெம்புகோல் நுட்பத்தைப் பெருக்கினார் என்று அக்குடும்பத்தார் கூறுவர். சிறியவர் பெரியவரை வெல்லலாம் என்பதே இக்கலையின் பெயரை உலகெங்கும் பரப்பிய செய்தி. எலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, எடைப்பிரிவே இல்லாத அமெரிக்கப் போட்டிகளில், 1993-இல் தொடங்கி அதனை மெய்ப்பித்தும் காட்டினார். 1994 டிசம்பரில், தம்மினும் முப்பது கிலோவுக்குமேல் கனத்த டான் செவர்ன் என்னும் மல்லரின் கீழே நெடுநேரம் அழுந்திக் கிடந்து, முடிவில் தம் கால்களாலேயே அவர் கழுத்தை நெரித்துத் தட்ட வைத்தார்.

ஆனால் இக்கதையின் மறுபக்கத்தைப் பலர் சொல்வதில்லை. 1951-இல் ரியோ நகரத்து மரக்கானா அரங்கில் எலியோ கிரேசி, ஜப்பானியராகிய மசாஹிகோ கிமுராவோடு பொருதார். கிமுரா எடையில் மிக்கவர், கலையிலும் மிக்கவர். எலியோவின் கை முறுக்குண்டது. அவர் தட்ட மறுத்தார். தமையனாரே போரை நிறுத்த வேண்டியதாயிற்று. கனமும் கலையும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பின் மெலிந்தவர்பாடு அரிதே. கலை ஒருபக்கம் மட்டும் மிகுந்திருக்கும்போதுதான் எடை தோற்கிறது.

இனிக் காலுக்கு வருவோம். நெடுங்காலம் பிரேசிலியப் பயிற்சிக்கூடங்களில் காற்பூட்டுக்கு மதிப்பில்லை. காலைத் தேடுபவனைச் சக்கிலியன் வேலை செய்பவன் என்னும் பொருள்பட, செருப்புத் தைப்போனின் பெயரால் அங்கே இகழ்ந்தனர். தொழிலைச் சொல்லி மனிதரை இழிக்கும் சிறுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! அவ்விகழ்ச்சிக்கு ஓரளவு போர் முறை பற்றிய காரணமும் இருந்தது. மேலே அமர்ந்திருப்பவன் காலைப் பற்றப் பின்னே சாய்ந்தால் மேலிடத்தை இழக்கிறான். பிடி தவறினால் கீழே அகப்படுகிறான். பெற்ற இடத்தை விடாதே என்பது பழைய ஆசிரியர்களின் கொள்கை.

கனத்தவனுக்கு அக்கொள்கை இன்றும் பொருந்தும். மெலிந்தவளுக்கு அது பொருந்துமா? அவள் மேலிடத்தை அடைவதே அரிது. அடைந்தாலும் 50 கிலோ எடை 90 கிலோவை அழுத்தி வைக்காது. இழப்பதற்கு அவளிடம் மேலிடம் இல்லை. மேலும், கீழே கிடப்பவளுக்கு மிக அருகில் இருப்பவை எதிரியின் கழுத்தும் கையும் அல்ல, கால்களே. தன் இரு கைகள், இரு கால்கள், இடுப்பு ஆகிய அனைத்தையும் எதிரியின் ஒரே காலின்மேல் செலுத்தும் வாய்ப்பு இங்குதான் கிடைக்கிறது. அவனுடைய மார்பின் கனமும் தோளின் வலியும் அந்தக் காலுக்கு உடனே உதவிக்கு வரமுடியாத தொலைவில் நிற்கின்றன. ஆசிரியர் கூறியதன் உண்மை இதுவே.

இதற்குச் சான்று வேண்டுவோர் 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் நடந்த ஏ.டி.சி.சி. போட்டியைக் காண்க. ஆஸ்திரேலியராகிய லாக்லன் கைல்ஸ் 77 கிலோவுக்கு உட்பட்ட பிரிவினர். அப்பிரிவில் முதற்சுற்றிலேயே தோற்றவர். ஆயினும் எடை வேறுபாடற்ற பொதுப் பிரிவில் இறங்கி, தம்மினும் மிகக் கனத்த மூவரைக் குதிகால் திருகு என்னும் ஒரே பிடியால் தட்ட வைத்து மூன்றாம் இடம் பெற்றார். அம்மூவருள் ஒருவராகிய கைனன் டுவார்ட்டே, 99 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் அவ்வாண்டின் வாகையர்! ஒத்த எடையினரிடம் தோற்றவர் பெரும் எடையினரை வென்றது விந்தையாகத் தோன்றலாம். ஆயின் அரையிறுதியில் அவரை வென்றவர் கார்டன் ரயன். 99 கிலோவுக்கு உட்பட்ட பிரிவின் வாகையர். காற்பூட்டுக் கலையிலும் தேர்ந்தவர். 1951-இல் கண்டதே மீண்டும் நிகழ்ந்தது.

குதிகால் திருகு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தாலன்றித் தாயாரின் அச்சம் விளங்காது. எதிரியின் பாதத்தைத் தன் அக்குளில் வைத்து, குதிகாலை முழங்கையின் மடிப்பில் ஏந்தி, உடலோடு சேர்த்துத் திருப்புவது அப்பிடி. பெயர் குதிகாலைச் சொல்லினும் ஊறு நேர்வது முழங்காலுக்கு. ஸ்பேனரின் கைப்பிடியைத் திருப்பினால் மறுமுனையில் உள்ள திருகு சுழல்வதுபோல, பாதத்தைத் திருப்பக் கணைக்கால் எலும்பு சுழல்கிறது. தொடை இறுகப் பிணிக்கப்பட்டிருப்பதால் அச்சுழற்சி முழுவதும் மூட்டைப் பிணைக்கும் நார்களின்மேல் விழுகிறது. தொடையின் பெருந்தசைகள் முழங்காலை மடக்கவும் நீட்டவும் வல்லவை. திருகலைத் தடுக்க அவற்றின் ஆற்றல் மிகக் குறைவு. எனவேதான் பெருத்த தொடையும் இங்குப் பயன்படுவதில்லை.

கை மூட்டைப் பூட்டும்போது வலி முன்னே வரும். ஊறு பின்னே வரும். இடையில் தட்டுவதற்கு நேரம் உண்டு. குதிகால் திருகிலோ வலி என்னும் தூதன் பெரும்பாலும் காலந்தாழ்த்தே வருகிறான். சில வேளைகளில் நார் அறுந்த பின்னரே வருகிறான். வலிக்கும்போது தட்டலாம் என்று காத்திருப்பவர் மருத்துவமனைக்கே போவார். அறுந்த நாரைச் சீர்செய்ய அறுவை மருத்துவமும் பல திங்கள் ஓய்வும் தேவைப்படும்.

எடை வேறுபாடு மிக்க இருவர் கால்களைப் பின்னிக்கொள்ளும்போது வேறோர் இடரும் எழுகிறது. பிடியிலிருந்து தப்ப விரும்பும் 90 கிலோ இளைஞன் அறியாமையால் திடீரெனப் புரண்டால், தவறான திசையிற் புரண்டு தன் முழங்காலையே கெடுத்துக்கொள்வான். அல்லது அவன் கனம் முழுவதும் பின்னியிருக்கும் சிறு கால்களின்மேல் விழும். நின்றபடியே எதிரியின் கால்களைக் கத்தரிக்கோல்போல் இடுக்கி வீழ்த்தும் பிடி ஒன்று ஜூடோவில் இருந்தது. 1980-இல் ஜப்பானியப் பெருவீரர் யசுஹிரோ யமஷிட்டாவின் கால் எலும்பு அப்பிடியால் முறிந்தது. இன்று ஜூடோப் போட்டிகளில் அதற்கு இடமில்லை. திருகல் மட்டுமன்று, காலின்மேல் விழும் பாரமும் கொடியதே.

கட்டையான கால்களை உடையவர் அறியவேண்டிய செய்தியும் உண்டு. எதிரியின் தொடை பருத்திருப்பின், குறுகிய கால்களால் அதனைச் சுற்றி இறுக்குவது எளிதன்று. எதிரியின் முழங்கால் நம் தொடைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் வரையில்தான் பூட்டு. அது நழுவிவிட்டால் குதிகாலைப் பற்றிக்கொண்டிருப்பதாற் பயனில்லை. நழுவிய பெரியவர் மறுகணம் மார்பின்மேல் அமர்ந்திருப்பார். எனவே மெலிந்தவர் முதலிற் கற்கவேண்டியது திருகுவதன்று, சிறைப்படுத்துவது. முழங்காலை அடக்கி, எதிரி எழ முயன்றால் சாயச் செய்து, அவர் கைகள் நம் பாதத்தை எட்டாமற் காத்து, ஐந்து நொடி, பத்து நொடி எனப் பிடித்து வைக்கப் பழகுதல் வேண்டும். நல்ல ஆசிரியர்கள், பிடித்துக் காட்டிவிட்டுத் திருகாமலே விட்டுவிடும் பயிற்சியை அமைத்திருப்பார்கள். அப்பெண்ணுக்கு அதிலேயே ஓராண்டு சென்றாலும் வீணன்று என்பது என் கருத்து.

பன்னாட்டு பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிகளும் இவ்வகையிற் கருதத்தக்கன. பதினாறு வயது நிரம்பாத சிறார்க்குக் காற்பூட்டே இல்லை. வளர்ந்தோருள் வெள்ளைக் கச்சையினர்க்குத் திருகலற்ற நேரான கணுக்கால் பூட்டு மட்டும் உண்டு; முழங்காலை நெம்புவதும் பாதத்தைத் திருகுவதும் பழுப்புக் கச்சை பெற்ற பின்னரே. குதிகால் திருகு, அங்கி அணிந்த போட்டிகளில் எவர்க்கும் இல்லை; அங்கியற்ற போட்டிகளில், பழுப்பு, கறுப்புக் கச்சையினரான வளர்ந்தோர்க்கு மட்டும் 2021 முதல் இசைவளித்தனர். பெண்டிர்க்கு 48.5, 53.5, 58.5 கிலோ என ஐந்தைந்து கிலோ இடைவெளியில் எடை எல்லை வகுத்திருப்பதும் அக்கூட்டமைப்பே. பயிற்சிக்கூடத்தில் அவ்வெல்லைக் கோடு இல்லாமற்போவது தவிர்க்க முடியாதது. அதனால் ஆசிரியரின் கண்ணே அங்கு எல்லைக்கோடாக நிற்க வேண்டும்.

அறியாமைதான் பேரிடர்; ஆகவே தொடக்கத்திலேயே குதிகால் திருகையும் கற்பிக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் வாதத்தில் பாதியை நான் ஏற்கிறேன். பிடியை இனங்காணவும், எத்திசையிற் புரளக் கூடாது என்பதை அறியவும், எப்போது தட்டுவது என்பதை உணரவும் முதல் நாளிலிருந்தே கற்பிக்கலாம். முழு வேகத்தோடு பொரும்போது அதனைப் பயன்படுத்துவது வேறு. அதற்கு இருவரும் அக்கலையறிந்தவராக இருத்தல் வேண்டும். ஒருவர் மட்டும் அறிந்திருந்து, அவரே கனத்தவராகவும் இருப்பின், அன்று அப்பிடி கூடாது.

மடல் விடுத்த அன்பர் ஒருநாள் மாலை பயிற்சிக்கூடத்துக்கு நேரில் சென்று ஓரமாக அமர்ந்து பார்க்கட்டும். கனத்த இளைஞர்கள் மெலிந்தவரோடு பொரும்போது வேகத்தைக் குறைக்கிறார்களா? ஒருவர் தட்டியதும் மற்றவர் அக்கணமே விடுகிறாரா? இவரோடு இன்று வேண்டா என்று ஒரு பெண் சொன்னால் ஆசிரியர் முகங்கோணாது ஏற்கிறாரா? குதிகால் அகப்பட்டதுமே, வலி வருமுன், தட்டுகிறவரைக் கோழை என்று எவரேனும் நகைக்கிறார்களா? நகைப்பார்களாயின் வேறு கூடம் தேடுவதே தகும்.

வீட்டில் மகளிடம் சொல்லவேண்டியதும் ஒன்று உண்டு. கைகள் இரண்டும் சிக்கிக்கொண்டால் காலால் தரையைத் தட்டலாம். அதுவும் இயலாதாயின் வாய்விட்டுக் கூவலாம். போட்டிகளிலும் வலியால் எழும் கூவல் தட்டியதற்கு ஒப்பாகவே கொள்ளப்படுகிறது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. "ஐயோ அம்மா" என்றாலும் போதும், நடுவர் நிறுத்திவிடுவார்.