கொழுந்துக் கூடையும் வேட்டைக்காரனின் முதுகுப்பையும்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். கனடாவில் வாழும் பழைய நண்பர் குடும்பத்துடன் வந்திருந்தார். அவர் அந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய மகன் டொராண்டோவில் பிறந்தவன். இருபத்தைந்து வயது. வேட்டையில் பெரும் ஈடுபாடு உடையவன். உரிமம் பெற்று, பருவம் பார்த்து, ஒன்ராறியோவின் வடகாட்டுக்குப் போய் மூஸ் என்ற பெருமானைச் சுட்டு, இறைச்சியைக் கூறிட்டுத் தானே சுமந்து வருகிறானாம். நம் பிள்ளைகள் எங்கெங்கோ போய் என்னென்னவோ ஆகிவிட்டார்கள்!

சிவனொளிபாதமலை ஏறுவதற்கென்று தன் வேட்டைப் பையையும் கொண்டு வந்திருந்தான். சட்டம் வைத்த முதுகுப்பை. அதை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதை ஒரு மணி நேரம் எனக்கு விளக்கினான். துப்பாக்கியைப் பற்றி இவ்வளவு பேசவில்லை. நானும் முப்பது ஆண்டுகளாகத் தோளில் பை தொங்கவிட்டு அலைந்தவன்தான். ஒரு பைக்குள் இவ்வளவு சாத்திரம் இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன்.

பை வாங்குபவர் தம் உயரத்தைச் சொல்லி வாங்கக்கூடாதாம். கழுத்தின் பின்புறம் துருத்தி நிற்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை முதுகை அளக்க வேண்டும். உயரமானவருக்கு முதுகு குட்டையாக இருக்கலாம். இடுப்புப் பட்டி வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். பாரத்தை ஏற்றிக் கட்டிய பின் தோள் வாரைச் சற்றே தளர்த்திப் பார்க்க வேண்டும். அப்போதும் பாரம் இடுப்பில் நின்றால் அது நல்ல பை, தோளை இழுத்தால் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். கனமான இறைச்சி முதுகுத்தண்டை ஒட்டி இருக்க வேண்டும். பின்னால் தள்ளி இருந்தால் ஐந்து கிலோவும் பத்துக் கிலோவாகத் தெரியும். சட்டத்தின் அடியில் ஒரு தட்டு உண்டு. இறைச்சி மூட்டையை அதில் இருத்தி, சட்டத்தோடு சேர்த்து வாரால் இறுக்க வேண்டும். வெறும் பையாக அதன் எடை ஏறக்குறைய 3 கிலோ. விலை 500 கனடிய டொலர்.

இந்தப் பைக்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த லாயிட் நெல்சன் என்பவர் அலாஸ்காப் பழங்குடியினர் தோலும் தடியும் கொண்டு செய்த சுமைச்சட்டத்தைச் சுமந்து பார்த்தார். அதைத் திருத்தி 1920களில் மரச்சட்டப் பையாக விற்றார். 1952 முதல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியச் சட்டப் பைகளைச் செய்து விற்றார். தையல் வேலையை அவர் மனைவி வீட்டிலேயே செய்தார். பாரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கும் இடுப்புப் பட்டி பரவலானதில் கெல்ட்டியின் பங்கு பெரிது. சுமந்தவர்கள்தாம் பையைத் திருத்தினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மாலையில் பையனின் அத்தை மலையிலிருந்து திரும்பினார். ஐம்பத்திரண்டு வயது, இன்னும் கொழுந்து எடுக்கிறார். பையன் அவரை நிறுத்தி, அந்தப் பையில் 18 கிலோ அரிசியையும் மாவையும் நிரப்பி, அவர் முதுகில் மாட்டி, பட்டியை இறுக்கினான். அவர் இரண்டு அடி நடந்தார். நின்றார். "பாரம் எங்க போச்சு தம்பி?" என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. லயத்து வாசலில் மேலும் கீழுமாக இரண்டு முறை நடந்துவிட்டு வந்து, பையைக் கழற்றாமலே குறைகளைச் சொல்லத் தொடங்கினார்.

வாய் குறுகலாக இருக்கிறது. இரண்டு கையாலும் பறித்துத் தோளுக்கு மேலால் பார்க்காமலே வீசும் கொழுந்து இதற்குள் எப்படி விழும்? இந்த வார்களும் கொக்கிகளும் செடியில் மாட்டும். துணி மூடியிருக்கிறது, காற்றுப் போகாது, கொழுந்து வெந்துவிடும். மடுவத்தில் நிறுக்கும்போது ஒவ்வொரு முறையும் இத்தனை பட்டியை அவிழ்த்துக் கட்ட நேரம் ஏது? கடைசியாக ஒன்று சொன்னார். "வெறும் பையே 3 கிலோங்குறீங்க. அதையும் கணக்கப்புள்ள கழிச்சிருவாரு, அதுக்கு மேலயும் கழிப்பாரு."

ஒரு பொறியியலாளர் ஆறு மாதம் ஆய்வு செய்து எழுதக்கூடிய அறிக்கையை அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்தார் என்றே எனக்குத் தோன்றியது. இதுவரை அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மலையகத்தை அறியாத வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். தேயிலைப் பொட்டலங்களின் மேலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் நீங்கள் காணும் பிரம்புக் கூடையைப் பல தோட்டங்களில் இப்போது காண முடியாது. அந்த இடத்தில் நைலோன் சாக்கு வந்துவிட்டது. மலிவு, எடை குறைவு, மழையில் ஊறாது. கூடையானாலும் சாக்கானாலும் அது தொங்குவது தலையில்தான். உச்சந்தலைக்கு மேலாக ஒரு கயிறு. அதற்கடியில் மடித்த துணி. பாரம் முழுவதும் கழுத்தெலும்பு வழியாக இறங்குகிறது. நாட்பெயர் விழுவதற்குத் தோட்டத்திற்குத் தோட்டம் 16, 18, 20 கிலோ என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஒரே தடவையில் அத்தனையும் தலையில் ஏறுவதில்லை, இடையிடையே நிறுத்துக் கொட்டுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் மழை நாளில் நனைந்த கொழுந்தின் தண்ணீரையும் சேர்த்தே சுமக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்குத் தராசில் கழிவு உண்டு. கழுத்துக்குக் கழிவு கிடையாது.

தலைக்கயிறு பழங்காலத்து மூடப்பழக்கம், ஒழித்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நேபாளத்துச் சுமையாளர்கள் நெற்றிப் பட்டியில்தான் கூடை சுமக்கிறார்கள். அவர்களை அளந்து பார்த்த ஆய்வொன்று 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையின் 93 சதவீதத்தைச் சுமந்தார்கள். அதுவும் முதுகுப்பை சுமக்கும் மேலைநாட்டாரை விடக் குறைந்த சக்தியைச் செலவிட்டு! ஆனால் அவர் நடப்பவர். சிறிது தூரம் நடந்து, கைத்தடியை முட்டுக் கொடுத்து இளைப்பாறி, மீண்டும் நடக்கிறார். கொழுந்து எடுப்பவர் நடப்பதில்லை. சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, குனிந்து, கழுத்தை முன்தள்ளி, மணிக்கணக்காகக் கையை ஓட்டுகிறார். நேபாளத்துக் கணக்கை இங்கே போடமுடியாது.

"இங்கே வேட்டையாட முடியுமா?" என்று பையன் கேட்டான். முடியாது, 1937ஆம் ஆண்டிலிருந்து வனவிலங்குகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் இருக்கிறது என்றேன். களவாகப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் என்ன விழுகிறது என்பதையும் சொன்னேன்: 2020 மே மாதம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை அப்படி அகப்பட்டு, மூன்று நாட்களில் இறந்தது. ஆனால் வெள்ளைக்காரர் காலத்தில் இந்த மலைகள் முழுவதும் வேட்டைக்காடுதான். 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், ஹோட்டன் சமவெளியில் நாய்களை விட்டு மரைகளைத் துரத்திக் கத்தியால் கொன்றவர். பேக்கர் நீர்வீழ்ச்சி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தக் காலத்துத் துரைமாரின் கூடாரத்தையும் உணவையும் சாராயத்தையும் மலைக்கு மேலே கொண்டு சென்றவை வேறு தலைகள். துரைக்கு நல்ல முதுகுப்பையைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அலாஸ்காவில் நெல்சனுக்கு இருந்தது, ஏனெனில் அவருடைய தோள் வலித்தது.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதிலிருந்து கூடையின் கதையும் இதுதான் என்பது என் கருத்து. கூடையைத் தேர்ந்தவர் ஒருவர், சுமந்தவர் வேறொருவர். பிரம்பு போய் நைலோன் வந்ததும் வாங்கிக் கொடுப்பவரின் கணக்கில் வந்த மாற்றமே தவிர, தலையின் கணக்கில் வந்ததன்று.

செய்தியாளனாக நான் பல சம்பளப் பேச்சுக்களின் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறேன். 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று தொகையைப் பேசினார்கள். கிலோவைப் பேசினார்கள். பேச வேண்டியவைதாம். நான் காத்திருந்த ஒரு பேச்சிலும் கூடை பேசப்படவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை வெட்கத்துடன் எழுதுகிறேன். அந்த 500 டொலர் பை இலங்கைக் காசில் ஒரு இலட்சத்துக்கு மேல். 2024இன் 1,350 ரூபாய்ப்படி அத்தையின் 70 நாள் உழைப்புக்கும் கூடுதல். அதை ஒவ்வொருவர் முதுகிலும் மாட்டுங்கள் என்று கேட்பது கேலிக்கூத்து. ஆனால் மூங்கிலும் வாரும் இடுப்புப் பட்டியும் கொண்டு, வாய் அகன்று, காற்றோட்டமான ஒரு கூடையைச் செய்வது அத்தனை கடினமா? 1925இல் தொடங்கிய, தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் நூறு ஆண்டுகளைக் கண்டுவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் அடுத்த பேச்சில் இதை ஒரு கோரிக்கையாக எழுதலாம். எடுத்த எடுப்பில் கம்பனிகள் செலவென்று சொல்லும். கழுத்து வலியால் வேலைக்கு வராத நாட்களும் செலவுதான் என்று பதில் சொல்லலாம். வரைபடம் போடுவதற்கு முன்னால் கொழுந்து எடுக்கும் பெண்கள் பத்துப் பேரை உட்கார வைத்துக் கேட்க வேண்டும். அதைச் செய்யாமல் செய்யப்படும் எந்தக் கூடையும் இரண்டாம் வாரத்தில் லயத்துக் கூரைக்குக் கீழே விறகு வைக்கத்தான் பயன்படும்.

பையன் திரும்பிப் போகுமுன் அத்தையின் முதுகை நாடாவால் அளந்து கொண்டான். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை 16 அங்குலம். பழைய பிரம்புக் கூடை ஒன்றையும் தேடிப் பிடித்து, வாயையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டான். டொராண்டோவில் ஒன்றைத் தைத்துப் பார்க்கப் போகிறானாம். எடையை ஒன்றரைக் கிலோவுக்குள் அடக்கும்படி அத்தை சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் போனால் எத்தனை கிலோ கழிப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.