ஏழு கால் விருந்தினரும் ஒரு தாயும்

விஞ்ஞானக் கதை என்றாலே எங்களுக்கு வேப்பங்காய். பறக்கும் தட்டு, பச்சை மனிதன், ஒளிக்கதிர்த் துப்பாக்கி, கடைசியில் ஒரு பட்டணம் இடிந்து விழும். இவற்றுக்கு நடுவே மனிதர் என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். ஆகவே ஒரு சனிக்கிழமை மாலை விடுதியில் 'அரைவல்' என்னும் ஆங்கிலப் படம் காட்டப்போகிறார்கள் என்றதும், எங்களில் பாதிப்பேர் பின்னல் ஊசியும் நூலுமாகவே போய் உட்கார்ந்தோம். நூல் மடியிலேயே கிடந்தது.

2016-இல் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் கனடா நாட்டவரான டெனி வில்நவ். டெட் சியாங் 1998-இல் எழுதிய கதையே இதற்கு மூலம். உலகில் 12 இடங்களில் 12 கலங்கள் வந்து நிற்கின்றன. உள்ளே ஏழு கால் பிராணிகள். அவை ஏன் வந்தன என்று கேட்டுச் சொல்ல, லூயிஸ் பாங்க்ஸ் என்ற மொழியியல் பேராசிரியையை இராணுவம் அழைத்துப் போகிறது. ஏமி ஆடம்ஸ் அவராகவே வாழ்ந்திருக்கிறார்.

"பூமிக்கு வந்த உங்கள் நோக்கம் என்ன?" என்று உடனே கேட்கவேண்டும் என்பது கர்னலின் அவசரம். லூயிஸ் பலகையில் எழுதிப் பாடம் நடத்துகிறார். கேள்வி என்றால் என்னவென்று முதலில் அவற்றுக்குத் தெரியவேண்டும். 'உங்கள்' என்பது எதிரே நிற்பவரையா, வந்த கூட்டம் முழுவதையுமா என்பது விளங்கவேண்டும். நாம், நாங்கள் வேற்றுமையில் மதிப்பெண் இழந்த எங்களுக்கு இக்கட்டம் நன்றாகவே புரிந்தது! பிறகு அவர் கனத்த பாதுகாப்பு உடையைக் கழற்றிவிட்டு, தடுப்பின் அருகே சென்று கை வைத்துத் தம் பெயரைச் சொல்கிறார். அங்கே நாங்கள் விஞ்ஞானத்தை மறந்துவிட்டோம். வெடிகுண்டு வைக்கும் பகுதி மட்டும் டிக்கெட் வாங்குவோருக்காகச் சேர்த்ததுபோல் இருக்கிறது.

படத்தின் தொடக்கத்திலேயே லூயிஸின் மகள் பிறக்கிறாள், வளர்கிறாள், தீராத நோயால் இளவயதிலேயே இறக்கிறாள். இது நடந்து முடிந்த துயரம் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். வந்தவர்களின் எழுத்து வட்டமானது. அதற்கு முதலும் முடிவும் இல்லை. அதைக் கற்கக் கற்க லூயிஸுக்கு வருங்காலம் தெரியத் தொடங்குகிறது. அந்த மகள் இனிமேல்தான் பிறக்கப் போகிறாள்! இழக்கப் போகிறோம் என்று அறிந்தும் லூயிஸ் அவளைப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார்.

இதைப்பற்றி அன்று சாப்பாட்டு மணி அடித்த பின்னும் வழக்காடினோம். நோவில் துடிக்கப் போகும் பிள்ளையைத் தெரிந்தே பெறுவது தன்னலம் என்றது ஒரு கட்சி. அவள் சிரித்த நாட்களும் அவளுடையவைதானே, அவற்றைப் பறிக்க நாம் யார் என்றது மறு கட்சி. எங்கள் வார்டன் சிஸ்டர் எந்தப் பக்கமும் சேரவில்லை. ஆலயத்தில் மரியாளிடம் சிமியோன் வாளைப்பற்றிச் சொன்ன இடத்தைப் படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

எங்களில் பெரும்பாலோர் கருத்து இதுதான்: பிள்ளையை ஏற்றதில் லூயிஸ் தவறவில்லை, கணவரிடம் மறைத்ததில் தவறினார். உண்மையைக் காலங்கடந்து அறிந்த அவர் பிரிந்து போனதற்கு அவரை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. சுமையில் பாதி அவருடையது அல்லவா? தூக்குவதா வேண்டாமா என்று அவரையும் கேட்டிருக்கவேண்டும்.

படத்தை மறுபடி ஒருமுறை காட்டும்படி சிஸ்டரிடம் கேட்டிருக்கிறோம். முதல் பத்து நிமிடங்களை இம்முறை எல்லாம் தெரிந்தே பார்க்கவேண்டும்.