ஓவியத்தில் நிழல் தப்பாக விழலாமா?



அமெரிக்க ஓவியர் எட்வர்ட் ஹாப்பர் 1930இல் வரைந்த ஒரு தெருவைப் பற்றி எழுதுகிறேன். ஓவியத்தின் பெயர் 'ஏர்லி சண்டே மார்னிங்'. நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கைப்பேசியில் தேடினால் கிடைக்கும். பார்த்துக்கொண்டே படியுங்கள்.

சிவப்புச் செங்கல் கட்டடம். கீழே வரிசையாகப் பூட்டிய கடைகள், மேலே ஜன்னல்கள். பெயர்ப் பலகைகளில் எழுத்து இருப்பதுபோல் தெரியும், ஆனால் படிக்க முடியாது. நடைபாதையில் முடிதிருத்தும் கடையின் கோடு போட்ட கம்பமும், தீயணைக்கும் தண்ணீர்க் குழாயும் நிற்கின்றன. ஆள் யாரும் இல்லை. முதலில் மேல் ஜன்னல் ஒன்றில் ஒருவரை வரைந்தவர், பிறகு அதை மறைத்துவிட்டார். தலைப்பில் உள்ள 'ஞாயிறு'கூட வேறு யாரோ சேர்த்ததுதான் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் இது விடியற்காலை என்று நமக்கு எப்படித் தெரிகிறது? நீண்ட நிழல்களால்தான். சூரியன் தாழ இருந்தால் நிழல் நீளும் என்பது உங்களுக்கு மூன்றாம் வகுப்பிலேயே தெரியும்.

இங்கேதான் ஒரு சிக்கல். ஹாப்பர் மனத்தில் வைத்து வரைந்தது நியூயார்க்கின் ஏழாவது அவென்யூ. அது வடக்கு தெற்காகப் போகும் சாலை. காலை வெயில் கிழக்கிலிருந்து வந்தால் நிழல் சாலைக்குக் குறுக்கே விழ வேண்டும். ஓவியத்திலோ நடைபாதையோடு நீளவாக்கில் படுத்திருக்கிறது. அந்தச் சாலையில் அப்படி நீண்ட நிழல் விழவே முடியாது.

அறிவியல் நோட்டில் ஒரு பிள்ளை இப்படி வரைந்தால் நான் திருத்துவேன். திருத்தத்தான் வேண்டும். ஓவியத்தில் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். நிழல் குறுக்கே விழுந்திருந்தால் நம் பார்வை சுவரில் முட்டி நின்றிருக்கும். நீளவாக்கில் கிடப்பதால் கண் ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு மெதுவாக நடக்கிறது. ஆளில்லாத தெருவில் அந்த நடைதான் அமைதியாகத் தெரிகிறது. ஹாப்பருக்கு வேண்டியது அதுதான் என்பது என் கருத்து.

உங்களில் பலர் இன்று பெற்றோர், சிலர் ஆசிரியர்கள். பிள்ளை ஒரு தெருவை வரைந்து கொண்டுவந்தால், "நிழல் இந்தப் பக்கமா விழும்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இது எந்த நேரம்? இங்கே ஏன் இருட்டாக இருக்கிறது?" என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே பிள்ளை தான் பார்த்ததை இன்னொரு முறை பார்க்கும். சூரியனின் திசையைப் பிறகு வாசலில் நிற்கவைத்துக் காட்டிக்கொள்ளலாம். முதல் கேள்வியிலேயே தப்பு கண்டுபிடித்தால் அடுத்த படத்தை அது நம்மிடம் காட்டாது.

ஓவியத்தைப் பார்த்தவர்கள், உங்கள் கண் முதலில் எங்கே போனது என்று கீழே எழுதுங்கள். எல்லோருடையதையும் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்