எதிரிக்கும் நேர்மையாக உருட்டுவோம்



"கதைப் புத்தகம் படித்தால் படிப்புக் கெடும், அதிலும் மாய மந்திரக் கதை எதற்கு?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. ஆயினும் அப்படிப்பட்ட ஒரு நூலையே உங்களுக்கும் அவர்களுக்கும் நான் துணிந்து சிபாரிசு செய்கிறேன்.

அம்புலிமாமாவில் வந்த விக்கிரமாதித்தன் கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். விடை தெரிந்தும் கூறாவிட்டால் தலை வெடிக்கும். கூறினாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். இந்த விதி இருப்பதால்தான் அக்கதை சுவைக்கிறது.

மேல்நாட்டிலும் விதிகளோடு கூடிய கற்பனைகள் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டி, கூடி அமர்ந்து கதை வளர்ப்பார்கள். அத்தகைய ஆட்டத்தைத் தனியொருவர் படிக்கும் நூலாகத் தருவது, 1982-இல் ஸ்டீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்டன் என்னும் இரு ஆங்கிலேயர் எழுதிய 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்'.

இதில் 400 பகுதிகள் உள்ளன. மந்திரவாதியின் புதையலைத் தேடி மலைக் குகைக்குள் செல்லும் வீரர் நாமே. எவ்வழி செல்வது என்று முடிவு செய்து, அதற்குரிய எண்ணைத் தேடிப் புரட்ட வேண்டும். திறமை, உடல்வலிமை, அதிர்ஷ்டம் மூன்றுக்கும் பகடை உருட்டி மதிப்பெண் குறித்துக்கொள்ள வேண்டும். அதிர்ஷ்டத்தைச் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று குறையும்! அதை மட்டுமே நம்பினால் நெடுந்தூரம் போக இயலாது.

சண்டையில் எதிரிக்காகவும் நாமே உருட்ட வேண்டும். இங்குதான் நான் தவறினேன். தோற்கும் நேரத்தில், யாரும் பார்க்கவில்லையே என்று எதிரியின் பகடையை மறுபடி உருட்டினேன். வென்றேன், ஆனால் மகிழ்ச்சி வரவில்லை.

என் தாயார் தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, தோட்டத்தில் ஏலக்காய் பறித்து வருபவர். அன்று மாலை அவரிடம் இதைச் சொன்னேன். "பிஞ்சைப் பறிச்சாலும் பை நெறையும், தாயி. காய வச்சா சுருங்கிப் போகும்" என்றார்.

மறுநாள் முதற் பகுதியிலிருந்து மீண்டும் தொடங்கினேன். இருமுறை குகையிலேயே மாண்டேன். புதையல் இன்னும் கிட்டவில்லை. ஆனால் என் கணக்கில் பொய் இல்லை.

பெற்றோர்களே, கண்காணிப்பார் இல்லாத அறையில் நேர்மையைப் பழக்கும் நூல் பாடநூலுக்குப் பகையாகுமா? தோழியரே, விடுமுறையில் இதைப் படியுங்கள். எதிரிக்கும் நேர்மையாக உருட்டுங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி